ஸ்டார்ட் துள்ளும், பிகின் திறக்கும்

"வண்டியை பிகின் பண்ணு" என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. ஸ்டார்ட்தான் பண்ணுகிறோம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிகூட "மினிபஸ்ஸு ஸ்டார்ட் ஆயிருச்சு, ஓடு ஓடு" என்று பேரனை விரட்டுவாள். கிணற்றடி மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கிறது. வீட்டு டியூப் லைட் மினுக் மினுக்கென்று கண்ணடித்துக்கொண்டே இருந்தால் "ஸ்டார்ட்டர் போயிருச்சு, மாத்தணும்" என்கிறோம். கொஞ்சம் பெரிய ஓட்டலுக்குப் போனால் சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்கக் கொடுப்பதும் ஸ்டார்ட்டர். படப்பிடிப்பில் "ஸ்டார்ட் கேமரா". இத்தனை இடங்களில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்ட ஸ்டார்ட்டுக்கு உடன்பிறப்புபோலத் தோன்றும் பிகின், பாடப்புத்தகத்தை விட்டு வெளியே வரவேயில்லை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பள்ளியில் ஆங்கில வாத்தியாரைக் கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான்டா. பரீட்சையில எதை எழுதினாலும் மார்க் உண்டு" என்றார். பரீட்சைக்கு அது சரியான பதில்தான். என்னிடமிருந்த கையடக்க அகராதியும் அவர் பக்கமே நின்றது: இரண்டு சொற்களுக்கும் நேரே தொடங்கு, ஆரம்பி. மழை பிகின் ஆகலாம், ஸ்டார்ட்டும் ஆகலாம். கூட்டம், வகுப்பு, வேலை எல்லாம் அப்படியே. ஆனால் ஆங்கிலேயர் யாரும் காரை பிகின் செய்வதில்லை. வதந்தியை, சண்டையை, காட்டுத்தீயை, கடையை ஸ்டார்ட் செய்வார்களே தவிர பிகின் செய்யமாட்டார்கள். இதை விதியாக மனப்பாடம் செய்வது கடினம். இரண்டு சொற்களும் எந்த வீட்டில் பிறந்தவை என்று பார்த்துவிட்டால் மனப்பாடம் தேவையில்லை.

ஸ்டார்ட் பிறந்தபோது அதற்குத் தொடங்குதல் என்ற பொருளே கிடையாது. துள்ளுதல், குதித்தெழுதல், பாய்தல் என்பதுதான் பொருள். பழைய ஆங்கிலத்தில் ஸ்டிர்டன் என்ற வினை. ஜெர்மன் மொழியில் இதன் பங்காளி ஷ்டுர்ட்சென். அதற்கு விழுதல், பாய்ந்து விழுதல் என்று பொருள். டச்சு மொழியிலும் ஒரு பங்காளி உண்டு; கொட்டுதல், சரிதல் என்று அது போய்விட்டது. ஆக இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் பொதுவான குணம் திடீர் அசைவு. மேலே போனால் துள்ளல், கீழே போனால் விழுதல்.

ஜெர்மானியர்கள் இந்தக் குடும்பத்தோடு செய்த வேடிக்கை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 19 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் பந்தய மைதானத்திலிருந்து ஸ்டார்ட் என்ற சொல்லை அவர்கள் கடன் வாங்கினார்கள். பிறகு விமானம் வந்தபோது, அது தரையை விட்டு மேலெழுவதற்கு அந்தக் கடன் சொல்லையே வைத்தார்கள். விமானம் நொறுங்கி விழுவதற்கு ஏற்கெனவே வீட்டில் இருந்த சொல்: அப்ஷ்டுர்ட்ஸ். இரண்டும் ஒரே வேர். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகளில் ஒருவன் விமானத்தை ஏற்றுகிறான், இன்னொருவன் இறக்கிப் போடுகிறான்.

ஆங்கிலத்துக்கே திரும்புவோம். 14 ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஸ்டார்ட்டுக்குத் திடுக்கிடுதல் என்ற பொருளும் வந்துவிட்டது. தூங்குகிறவன் காதருகே தகரத்தைத் தட்டினால் உடம்பு தூக்கி வாரிப் போடுமே, அதுதான் ஸ்டார்ட். பயமுறுத்துவதற்கு ஆங்கிலத்தில் உள்ள ஸ்டார்ட்டில் என்ற சொல் இதற்கு நெருங்கிய உறவு. ஷேக்ஸ்பியரைப் படிக்கும்போது இதை மறந்தால் பொருள் தடம் புரண்டுவிடும். மக்பெத் நாடகத்தில் சூனியக்காரிகள் மக்பெத்தை அரசனாவாய் என்று வாழ்த்துகிறார்கள். அதைக் கேட்டு அவன் ஸ்டார்ட் ஆகிறான். நல்ல சேதிக்கு ஏன் இப்படி என்று பக்கத்தில் நிற்கும் பாங்கோ கேட்கிறான். இன்றைய மாணவன் 'மக்பெத் எதையோ தொடங்கினான்' என்று எழுதிவிடுவான். நடந்தது வேறு: தன் மனத்தில் ஒளித்து வைத்திருந்த ஆசையை அடுத்தவர் வாயால் கேட்டு அவன் உடம்பு ஒரு கணம் தூக்கிப் போட்டது. கொலைக்கு முன்பே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்த துள்ளல் அது. 'தொடங்கினான்' என்று மொழிபெயர்த்தால் நாடகமே போயிற்று.

இடையில் ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் ரெட்ஸ்டார்ட் என்று ஒரு குருவி உண்டு. அது சிவப்பாகத் துள்ளும் குருவி என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே இருக்கும் ஸ்டார்ட் வேறு வீட்டுப் பிள்ளை. பழைய ஆங்கிலத்தில் வால் என்று பொருள் தரும் ஸ்டியோர்ட். செவ்வால் குருவி, அவ்வளவுதான். முழு அம்மணத்தைக் குறிக்க ஆங்கிலேயர் சொல்லும் ஸ்டார்க் நேக்கட் என்ற தொடரிலும் இந்த வால்தான் ஒளிந்திருக்கிறது. முதலில் அது ஸ்டார்ட் நேக்கட். வால்புறம்வரை அம்மணம் என்று பொருள். வாலை மறந்த பின்தலைமுறை ஒலியை மாற்றிக்கொண்டது. ஒலி ஒத்திருப்பதை மட்டும் நம்பிச் சொல்லாராய்ச்சி செய்பவர்கள் இந்த வாலைப் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கிவிடுவார்கள். நம் ஊரிலும் அப்படி இறங்கியவர்கள் உண்டு.

துள்ளல் எப்படித் தொடக்கம் ஆயிற்று? வழி காட்டியது வேட்டைக்காரன். புதரில் பதுங்கியிருக்கும் முயலைத் தடியால் தட்டி வெளியே பாய வைப்பதையும் அதே 14 ஆம் நூற்றாண்டில் ஸ்டார்ட் என்றார்கள். தானாகத் துள்ளுவதிலிருந்து இன்னொன்றைத் துள்ள வைப்பதற்குச் சொல் நகர்ந்தது இங்கேதான். இதைத் தமிழில் சொல்ல நான் ஒரு நொடிகூடத் தேட வேண்டியிருக்கவில்லை. முயலைக் கிளப்பினான். கௌதாரியைக் கிளப்பினான். புதரிலிருந்து கிளப்புகிற அந்தக் கிளப்பு, வரப்பைத் தாண்டி எங்கெல்லாம் போயிருக்கிறது பாருங்கள்: புழுதியைக் கிளப்புகிறோம், பீதியைக் கிளப்புகிறோம், புரளியைக் கிளப்புகிறோம், தீர்ந்துபோன பாகப்பிரிவினையை மறுபடி கிளப்புகிறோம், வண்டியைக் கிளப்புகிறோம். ஆங்கில ஸ்டார்ட் போன ஊர்களுக்கெல்லாம் தமிழ்க் கிளப்பும் போயிருக்கிறது. யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. தூங்குகிற ஒன்றை எழுப்பி ஓட வைப்பது என்ற ஒரே காட்சி இரண்டு மொழிகளுக்கும் தனித்தனியே அதே பாதையைப் போட்டுக் கொடுத்திருக்கிறது.

கப்பலில் இதே கிளப்பல் கொடூரமானது. 18 ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் கடற்படையில் ஸ்டார்ட்டிங் என்றால் அடி. வேலையில் சுணங்குகிற மாலுமியின் முதுகில் மேற்பார்வையாள் ஒரு துண்டுக் கயிற்றாலோ பிரம்பாலோ போடுவான். விசாரணை கிடையாது, எழுத்துப் பதிவு கிடையாது. அந்தக் கயிற்றுத் துண்டின் பெயர்தான் ஸ்டார்ட்டர். 1809 இல் கடற்படைத் தலைமை இந்த வழக்கத்தைத் தடை செய்தது. ஓட்டலில் கோபி மஞ்சூரியனை ஸ்டார்ட்டர் என்று சொல்லி வைக்கும்போது எனக்கு இந்தக் கயிறு நினைவுக்கு வந்துவிடும். நம் ஊர் மாட்டு வண்டிக்கும் சாட்டைதான் ஸ்டார்ட்டர்.

வேட்டைக்குப் பிறகு பந்தயம். குதிரைகளை வரிசையில் நிறுத்தி ஒரே நேரத்தில் பாய விடுவதும் ஸ்டார்ட். பாய விடும் அதிகாரிக்கு ஸ்டார்ட்டர் என்றே பெயர். சில ஓட்டங்களுக்குக் கொடி, சிலவற்றுக்குக் கைத்துப்பாக்கி. ஈழத் தமிழில் துப்பாக்கிக்குத் துவக்கு என்று பெயர். ஓட்டப்பந்தயத்தைத் துவக்கால் துவக்கி வைத்தார்கள் என்று அங்கே ஒருவர் எழுதினால் அது பிழையாகாது. பந்தய மைதானத்தில்தான் ஸ்டார்ட் தன் இன்றைய கூர்மையைப் பெற்றது: கோடு கிழித்தாற்போன்ற ஒரு நொடி. அதற்கு முன் ஒன்றுமில்லை, அதற்குப் பின் எல்லாம் ஓட்டம். அந்த நொடி பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தே ஒரு பாடம் நடத்தியிருக்கிறது.

1993 ஏப்ரல் 3. லிவர்பூல் அருகே ஐன்ட்ரீ மைதானம். கிராண்ட் நேஷனல் என்ற புகழ்பெற்ற தடைதாண்டும் குதிரைப் பந்தயம். 39 குதிரைகள் வரிசையில். நாலரை மைல் தூரம், 30 தடைகள், மைதானத்தை இரண்டு சுற்று. முதல் முறை தொடக்கக் கோட்டின் குறுக்கே இருந்த நாடா உயர்ந்தபோது கோளாறு. எல்லோரையும் திரும்ப அழைத்துவிட்டார்கள். இரண்டாவது முறை நாடா ஒரு வீரரின் கழுத்தில் சிக்கிக்கொண்டது. இதுவும் தவறான ஸ்டார்ட். நிறுத்துங்கள் என்று காட்ட வேண்டிய கொடி சரியாக விரியவில்லை. 30 குதிரைகள் பாய்ந்துவிட்டன. 9 மட்டும் நின்றன. பாய்ந்தவர்கள் தடைகளைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள். வழியில் கைகாட்டியவர்களை ஏதோ கலாட்டாக்காரர்கள் என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். ஒரு சுற்று முடிந்தபின் பலர் நின்றுவிட, ஏழு குதிரைகள் முழுத் தூரத்தையும் ஓடி முடித்தன. எஷா நெஸ் என்ற குதிரை முதலில் கோட்டைத் தொட்டது. அதன் மேலிருந்த ஜான் ஒயிட்டுக்குப் பரிசு இல்லை, பட்டம் இல்லை. பந்தயம் செல்லாது என்று அறிவித்தார்கள். கட்டிய பணத்தை, சுமார் 75 மில்லியன் பவுண்ட் என்று அப்போது சொன்னார்கள், திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பிகினுக்கும் ஸ்டார்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக எந்த இலக்கணப் புத்தகமும் சொல்லாது. குதிரைகள் ஓட பிகின் செய்தன. அதை யாரும் மறுக்க முடியாது. தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. ஆனால் பந்தயம் ஸ்டார்ட் ஆகவில்லை. முடிவு மட்டும் இருந்து ஸ்டார்ட் இல்லாத பந்தயம் அது. தவறான ஸ்டார்ட் என்று ஆங்கிலத்தில் நிலைபெற்ற தொடர் உண்டு. தவறான பிகினிங் என்று அப்படி ஒன்று வழக்கில் இல்லை. ஸ்டார்ட்டை ரத்து செய்யலாம், திரும்பச் செய்யலாம். தொடங்கிவிட்ட ஒன்றைத் தொடங்கவில்லை என்று அழிக்க பிகின் இடம் கொடுப்பதில்லை.

வேட்டையிலிருந்தும் பந்தயத்திலிருந்தும் சொல் சாலைக்கு வந்தது. 1820களில் 'புறப்படு' என்ற பொருள் திடுக்கிடலோ துள்ளலோ இல்லாமல் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. விக்டோரியா காலத்து நாவல்களில் கனவான்கள் காலை ஏழு மணிக்கு லண்டனுக்கு ஸ்டார்ட் ஆவது சர்வ சாதாரணம். அந்த ஆங்கிலம் கப்பலேறி இங்கே வந்து நம் நாவில் அப்படியே நிலைத்துவிட்டது. நாம் தொலைபேசியில் "ஸ்டார்ட் பண்ணிட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன்" என்று சொல்கிறோம் (பெரும்பாலும் அப்போதுதான் சட்டையைத் தேடிக்கொண்டிருப்போம் என்பது வேறு விஷயம்). இதையே ஆங்கிலத்தில் இன்றைய லண்டன்காரரிடம் சொன்னால், எதைத் தொடங்கினீர்கள் என்று கேட்கக்கூடும். அங்கே இப்போது வேறு சொற்களால் புறப்படுகிறார்கள். நம்முடையது பிழையான ஆங்கிலம் என்று சொல்பவர்களுக்கு ஒரு பதில்: பிழை இல்லை, பழசு. அதோடு நம் 'கிளம்பிட்டேன்' பின்னாலிருந்து அந்தப் பழசைத் தாங்கிப் பிடித்திருக்கிறது.

பிறகு வந்தது இயந்திரம். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இயந்திரங்களை ஓட விடுவதற்கும் இதே சொல்லை வைத்தார்கள். அது மிகப் பொருத்தம். பழைய கார்களின் முன்பக்கம் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். எஞ்சின் உயிர் பெறும் கணத்தில் கைப்பிடி எதிர்ப்பக்கம் திமிறி ஆளின் கையை முறித்துவிடுவதும் உண்டு. துள்ளல் என்ற ஆதிப்பொருள் இரும்பில் திரும்ப வந்து குடியேறியதுபோல. சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதற்கு மின்சாரத்தால் முடிவு கட்டினார். 1912 மாடல் காடிலாக் கார்களில் அவருடைய செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. நம் மெக்கானிக்குகள் அந்த நீளமான பெயரில் ஸ்டார்ட்டரை வெட்டி எறிந்துவிட்டு முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். "செல்ஃப் எடுக்கலைங்க, கிக்கரை மிதிங்க." ஆங்கிலத்தில் தன்னையே குறிக்கும் சொல்லைத் தமிழன் ஒரு மோட்டாருக்குப் பெயராக வைத்துவிட்டான். தத்துவவாதிகள் கவனிக்கலாம்.

தமிழுக்குள் ஸ்டார்ட் வந்தது இந்த இயந்திரத்தின் முதுகில் ஏறித்தான். லாரி, பஸ், பம்ப்செட், டியூப் லைட் எல்லாம் தத்தம் பெயர்களோடு வந்தபோது அவற்றை எழுப்பும் வினையும் கூடவே வந்துவிட்டது. பிகினுக்கு அப்படி ஒரு வாகனம் கிடைக்கவில்லை. அது செய்கிற வேலையைச் செய்ய இங்கே தொடங்கு, ஆரம்பி என்று ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். மூன்றாவது ஆளுக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

இனி பிகின். இதன் கதையில் துள்ளல் இல்லை, வேட்டை இல்லை. பெரும்பகுதி மடாலயங்களிலும் சுவடிகளிலும் நடந்தது. பழைய ஆங்கிலத்தில் தொடங்குவதற்குப் பெரிதும் வழங்கிய சொல் ஒன்கின்னன். பெகின்னன் என்பது அதைவிடக் குறைவாகவே வழங்கியது. பின்னால்தான் அது ஒன்கின்னனைத் தள்ளிவிட்டு முன்னுக்கு வந்தது. இரண்டிலும் வேர் கின்னன். அந்த வேர் தனியாக நின்று பழைய ஜெர்மானிய மொழி எதிலும் காணப்படவில்லை. எப்போதும் முன்னால் ஒரு ஒட்டு வேண்டும்: இங்கே ஒன், அங்கே பெ, காதிக் மொழியில் து. துணையில்லாமல் வெளியே வராத கூச்சக்காரச் சொல். அதன் ஆதிப்பொருள் திறத்தல், பிளந்து திறத்தல் என்று ஒரு கருத்து இருக்கிறது. கொட்டாவிக்கும் வாய் பிளப்பதற்கும் உரிய ஜெர்மானியச் சொற்களோடு சேர்த்து அப்படிச் சொல்கிறார்கள். உறுதியான முடிவு இல்லையென்றாலும் எனக்கு அந்தக் கருத்து பிடித்திருக்கிறது. புதுப் பானையைத் திறப்பது, நெற்குதிரைத் திறப்பது, பேச வாயைத் திறப்பது. திறந்தால் உள்ளே ஏதோ நீளமாக இருக்கிறது என்று பொருள்.

பைபிளின் முதல் நூல் உலகத்தின் தொடக்கத்தைச் சொல்கிறது. சுமார் 1000 ஆம் ஆண்டு வாக்கில் ஆல்ஃப்ரிக் என்ற துறவி அதைப் பழைய ஆங்கிலத்தில் பெயர்த்தபோது முதல் சொற்களில் கின்னன் குடும்பத்து ஆன்கின் என்ற பெயரை வைத்தார். 14 ஆம் நூற்றாண்டு முடிவில் விக்ளிஃப் வழிவந்தவர்கள் அங்கே பிகினிங் என்று எழுதினார்கள். 1530 இல் டிண்டேல் அதையே வைத்தார். 1611 இல் ஜேம்ஸ் மன்னர் காலத்துப் பதிப்பும் அதையே வைத்தது. ஒட்டு மாறியது, வேர் மாறவில்லை. யாரும் அங்கே ஸ்டார்ட்டை வைக்க நினைத்திருக்கவே முடியாது. அவர்கள் காதில் அது, உலகம் திடுக்கிட்டபோது என்று ஒலித்திருக்கும். இன்றும் அந்த இடத்தில் ஸ்டார்ட்டை வைத்துப் படித்தால் யாரோ சாவி போட்டு உலகத்தைக் கிளப்பியதுபோல இருக்கிறது.

அந்த நூலின் எபிரேய முதற்சொல் பெரேஷித். அதனுள் இருப்பது ரோஷ், தலை. நமக்கு இது புதிதல்ல. தலைப்பிள்ளை, தலைச்சன், தலைப்பு, தலைநாள் எல்லாம் நம்மிடம் உண்டு. தலைப்படு என்றாலே தொடங்கு என்று ஒரு பொருள். ஆனால் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் தலையைத் தொடவில்லை. சீர்திருத்த சபையார் படிக்கும் தமிழ் பைபிளில் அந்த நூல் ஆதியாகமம். 1995 இல் வந்த திருவிவிலியத்தில் அது தொடக்க நூல். ஒரே நூலுக்கு இரண்டு பெயர். எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதை வைத்து அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று ஊகித்துவிடலாம்.

இரண்டு சொற்களையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொன்றின் எதிர்ச்சொல்லையும் கேளுங்கள். பிகினுக்கு எதிர் எண்ட், முடிவு. ஸ்டார்ட்டுக்கு எதிர் ஸ்டாப், நிறுத்தம். கதைக்கு முடிவு உண்டு, ஆகவே அது பிகின் ஆகிறது. கடிகாரம் முடிவதில்லை, நிற்கிறது. ஆகவே அதை ஸ்டார்ட் செய்கிறோம். பிகின் என்று சொல்லும்போது முழு நீளமும் கண்ணுக்குத் தெரிகிறது: முதல், இடை, கடை. ஸ்டார்ட் என்னும்போது அசையாமல் கிடந்த ஒன்று அசைந்த கணம் மட்டுமே தெரிகிறது. பிகின்னர் என்றால் நீண்ட பாதையில் இப்போதுதான் கால் வைத்த கற்றுக்குட்டி. ஸ்டார்ட்டர் என்றால் பொத்தானோ, கயிறோ, பந்தய அதிகாரியோ, கோபி மஞ்சூரியனோ. கற்றுக்குட்டிக்கும் மஞ்சூரியனுக்கும் உள்ள தூரம்தான் இரண்டு சொற்களுக்கும் உள்ள தூரம்.

உலக மொழிகள் தொடக்கத்துக்கு எங்கிருந்து சொல் எடுத்தன என்று பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. சில மொழிகள் கையால் தொடங்குகின்றன, சில காலால். ஜெர்மன் அன்ஃபாங்கென் என்பதில் உள்ள ஃபாங்கென் பிடித்தல். லத்தீன் இன்கிபெரே என்பதில் உள்ளது காபெரே, எடுத்தல். சமஸ்கிருத ஆரம்பத்தில் இருப்பது ரப், பற்றுதல். நம் தொடங்கு என்பதைத் தமிழறிஞர்கள் பலர் தொடு என்னும் வேரோடு சேர்ப்பார்கள். எல்லாம் கை வேலை. திறத்தல் என்ற கருத்து சரியென்றால் பிகினும் இந்தப் பக்கம்தான். ஸ்டார்ட், கிளம்பு, புறப்படு இவையெல்லாம் கால் கட்சி. கமென்ஸ் என்ற மூன்றாவது ஆங்கிலச் சொல் இந்தப் பாகுபாட்டில் கொஞ்சம் இடக்குப் பண்ணுகிறது. அதன் லத்தீன் வேரில் இருப்பது உள்ளே போதல். காலால்தான் போகிறது, ஆனால் துள்ளாமல், சால்வை போர்த்திக்கொண்டு மெதுவாக. விழா மேடைக்கும் வழக்குமன்றத்துக்கும் அது தோதுப்படுவதில் வியப்பில்லை. 1906 இல் வந்த தம் ஆங்கில நடைக் கையேட்டில் ஃபௌலர் சகோதரர்கள் லத்தீன் வழிச் சொல்லைவிட நாட்டுச் சொல்லை விரும்புங்கள் என்று எழுதினார்கள். அந்தக் கணக்கில் கமென்ஸ் போய் பிகின் நிற்கும். பத்து ஆண்டுகள் கழித்து, 1916 இல், மறைமலையடிகள் தனித்தமிழ் என்று புறப்பட்டபோது அதே கணக்கு இங்கே ஆரம்பத்தை விலக்கித் தொடக்கத்தை நிறுத்தியது. இரண்டு ஊரிலும் விலக்கப்பட்டவை செத்துவிடவில்லை. எங்கள் தெருவில் இன்றும் எல்லாமே ஆரம்பிக்கத்தான் செய்கின்றன.

ஸ்டார்ட்டின் கதையில் இன்னொரு அத்தியாயம் பாக்கி. ஸ்டார்ட்அப் என்று தினமும் வணிகப் பக்கத்தில் படிக்கிறோமே, அந்தச் சொல்லின் இளமைக் காலம் அவ்வளவு கௌரவமானது அல்ல. 16 ஆம் நூற்றாண்டில் ஸ்டார்ட்அப் என்பது நாட்டுப்புறத்தார் போட்ட ஒருவகை முரட்டுக் காலணி. கணுக்காலைத் தாண்டி மேலே ஏறுவது. அதே காலத்தில் திடீரென்று மேலே வந்துவிட்ட ஆளைப் பழிக்கவும் அந்தச் சொல் பயன்பட்டது. நேற்று முளைத்த பயல் என்கிறோமே, அந்தத் தொனி. அதைப் புரட்டிப் போட்டால் அப்ஸ்டார்ட். 1592 இல் ராபர்ட் கிரீன் பெயரில் வெளிவந்த ஒரு சிறுநூல், லண்டன் மேடையில் புதிதாகத் தலையெடுத்த ஒரு நடிகரை இந்த அப்ஸ்டார்ட் பட்டத்தோடு காகம் என்று ஏசியது. அந்தக் காகம் ஷேக்ஸ்பியர் என்பது ஆய்வாளர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஏற்பது. சில ஆண்டுகள் கழித்து அந்தக் காகமே எழுதிய மச் அடூ அபௌட் நத்திங் நாடகத்தில் வில்லன், தன் பெருமையைத் தட்டிப் பறித்த இளைஞன் கிளாடியோவை ஸ்டார்ட்அப் என்றே திட்டுகிறான். வாங்கிய வசவை வட்டியோடு வேறொருவன் கணக்கில் எழுதியதாக நான் எடுத்துக்கொள்வேன்.

அந்த வசவுதான் 1970களில் அமெரிக்கப் பத்திரிகைகளில் புதிய நிறுவனங்களுக்குப் பெயராகி, இன்று முதலீட்டாளர்கள் வாயில் தேனாக இனிக்கிறது. தமிழில் அதற்குப் புத்தொழில் என்று அரசு பெயர் வைத்திருக்கிறது. தமிழ்நாடு புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கம் என்ற பலகையில் பார்க்கலாம். நாளிதழ்களில் துளிர் நிறுவனம் என்றும் எழுதுகிறார்கள். துளிர் அழகான சொல். ஆனால் துளிர் துள்ளாது. கணு மெல்லத் திறந்து வெளியே வரும், பிகினைப்போல. மூன்று மாதத்தில் நூறு பேரைச் சேர்த்து ஆறாம் மாதத்தில் ஐம்பது பேரை வீட்டுக்கு அனுப்பும் அவசரத்துக்குத் துளிர் பொருந்துமா என்பது என் சந்தேகம். பணம் போடுவதற்கு நாம் நெடுங்காலமாக வைத்திருக்கும் சொல்லோ முதல். தொடக்கமும் அதுவே, மூலதனமும் அதுவே. காசில்லாமல் எதுவும் தொடங்காது என்பதை வேறு எந்த மொழி இவ்வளவு சிக்கனமாகச் சொன்னது?

அகராதி தொகுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன். பள்ளிப் பிள்ளைகளின் கையடக்கப் பதிப்பில் இரண்டு சொற்களுக்கும் ஒரே பொருளை அச்சிடாதீர்கள். பிகினுக்கு நேரே தொடங்கு, ஆரம்பி இருக்கட்டும். ஸ்டார்ட்டுக்கு நேரே முதலில் கிளம்பு, கிளப்பு என்று போடுங்கள். அடுத்துத் திடுக்கிடு, துள்ளு. தொடங்கு கடைசியில் வரட்டும். கூடுதலாக இரண்டு வரி இடம் பிடிக்கும். அவ்வளவுதான்.